நாலு வரி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டே முக்காலுக்குச் சட்டைப்பை அதிர்ந்தது. சேவியர்ராஜ் வாயைக் கொப்பளித்துவிட்டு போனை எடுத்துப் பார்த்தார். நௌஷாத்திடமிருந்து ஆடியோ. இரண்டு நிமிஷம் நாற்பது நொடி. சரிதான், இந்த வாரப் பாட்டு வந்துவிட்டது.

வாட்ஸ்அப் குரூப்பில் மொத்தமே மூன்று பேர். டவுன்ஷிப் நூலகத்தில் ஒரே பேப்பருக்காக அடித்துக்கொண்டு சிநேகிதம் ஆனவர்கள். துரைராஜ் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர், சரித்திரமாகப் படித்துத் தள்ளுவார். நௌஷாத்துக்கு மந்தாரக்குப்பம் கடைத்தெருவில் செருப்புக்கடை. படிப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். சேவியர்ராஜ் அதே மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. ஞாயிறு காலையில் ஆளுக்கு ஆள் இப்போது என்ன படிக்கிறோம், என்ன கேட்கிறோம் என்று போட வேண்டும். மற்றவர் போட்டதற்குக் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போகக் கூடாது, நாலு வரியாவது எழுத வேண்டும். நௌஷாத் போட்ட சட்டம் அது. "கட்ட வெரல பேங்க்குல வையுங்க, எங்கிட்ட வேணாம்" என்பார்.

சட்டம் நல்ல சட்டம்தான். சேவியர்ராஜுக்குக் காது கேட்காது என்பதுதான் கோளாறு.

இடது காது ஒரு காய்ச்சலில் போனது. வலது காது ஊரிலிருந்து கிளம்பும் பஸ் மாதிரி நின்று நின்று போய், போன தீபாவளியோடு முழுசாகப் போயிற்று. தெருவில் ஆளாளுக்கு வெடி கொளுத்த, இவருக்கு வெளிச்சம் மட்டும் வந்தது. விஷயம் தெரிந்தவள் மனைவி லூசியம்மாள் ஒருத்திதான். காது போனவனுக்கு கேட் பாஸ் கிடையாது. பின்னால் வருகிற வண்டியின் ஹாரன் கேட்காதவனை உள்ளே விட்டால் அவன் உயிருக்கு யார் பொறுப்பு? அவர்கள் கேட்பதும் நியாயம்தான். ஐம்பத்திரண்டு வயசில், பாஸ் போனால் வேறு எவன் வேலை கொடுப்பான் என்று இவர் பயந்ததும் நியாயம்தான். வருகிற வியாழக்கிழமை கேட் பாஸைப் புதுப்பிக்க மெடிக்கல் செக்கப். அதற்குப் பெயர்ப் பட்டியல் எழுதுகிற சூப்பர்வைசர் பரீத், நௌஷாத்தின் மச்சான், அவர் மனைவி பாயிஜாவின் கூடப்பிறந்த தம்பி. குரூப்பில் இவர் காது விஷயம் தெரிந்தால் நௌஷாத் வீட்டுக்குத் தெரியும், அந்த வீட்டுக்குத் தெரிந்தால் பரீத்துக்குத் தெரியும்.

ஆகவே ஞாயிறுதோறும் ஒரு நாடகம் நடந்தது. லூசியம்மாள் போனைக் காதில் வைத்துப் பாட்டைக் கேட்பாள். பிறகு அவர் முகத்துக்கு நேரே வாயை நன்றாகத் திறந்து சொல்லுவாள்: "வயசான ஆளு பாடுறாரு. கூட ஆர்மோனியம். அழுவுற மாதிரி இருக்கு, ஆனா அழுவுல." அதை வைத்துக்கொண்டு சேவியர்ராஜ் எழுதுகிற நாலு வரியில் துரைராஜே சொக்கிப்போவார். இவர் குரல் தன்னையறியாமல் ஏறும்போது லூசியம்மாள் உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டுவாள். இவரும் குறைத்துக்கொள்வார். அந்தக் கைதான் இப்போது அவருக்குக் காது.

அந்தக் கை இன்றைக்கு நெல்லிக்குப்பத்தில் இருந்தது. தங்கச்சி மகளுக்குப் பிரசவம் என்று போனவள் புதன்கிழமைதான் வருவாள். அவளுக்கு அனுப்பிக் கேட்கச் சொல்லியிருக்கலாம். அங்கே பிள்ளை பெற்ற வீட்டில் இதுக்கு எங்கே நேரம் என்று நினைத்தார். அதோடு, பத்து மாசமாக எழுதுகிறவனுக்கு நாலு வரி தானாக வராதா என்கிற தெனாவெட்டும் சேர்ந்துகொண்டது. கடை ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் போனைப் பிடித்து ரெக்கார்ட் பண்ணி அனுப்புவது நௌஷாத்தின் வழக்கம். எப்படியும் பழைய பாட்டு, எப்படியும் சோகம். எழுதினார்.

"பாய், மூணு தடவ கேட்டுட்டேன். பாடுறவருக்குக் குரல் நடுங்குது பாருங்க, அந்த எடந்தான் பாட்டே. நடுவுல கொஞ்சம் தடுமாறிட்டாரு, ஆனா கடைசில தூக்கி நிறுத்திட்டாரு. இன்னிக்கிப் பூரா இதத்தான் கேட்டுகினு இருக்கப் போறேன்."

தான் படித்துக்கொண்டிருக்கும் கடல் பயணப் புத்தகத்தைப் பற்றியும் ஒரு பத்தி போட்டுவிட்டு இட்லி ஊற்றப் போனார். தட்டை இறக்குவதற்குள் துரைராஜ் நாலு தடவை கூப்பிட்டிருந்தார். சேவியர்ராஜ் யார் போனையும் எடுப்பதில்லை. ஐந்தாவதாக எழுத்து வந்தது.

"என்னய்யா எழுதியிருக்க? அழிச்சுத் தொலை. பாயிஜா போயிட்டாங்கன்னு அழுதுகிட்டே சொல்றான் மனுஷன். மூணு நாள் காய்ச்சல், விடியக்காலைல மூச்சு நின்னுபோச்சு."

அழித்தார். அழிக்கப்பட்டது என்கிற வரியை அழிக்க வழியில்லை. அதற்கு முன்பே நௌஷாத் படித்துவிட்டதற்கான நீல நிறக் குறியும் வந்திருந்தது. சேவியர்ராஜ் அடுப்படியிலேயே உட்கார்ந்து, போனை எடுத்து, அந்த ஆடியோவை ஓட விட்டு நெஞ்சோடு அழுத்தி வைத்துக்கொண்டார். சட்டை வழியாக லேசாக அதிர்ந்தது. ஒரு மனுஷன் பெண்டாட்டி செத்ததைச் சொல்லுவது அவ்வளவுதானா என்று இருந்தது. அழுதார்.

நௌஷாத் வீட்டுக்கு மொபெட்டில் போகும்போதே பொய் தயாராகிவிட்டது. வேறு குரூப்புக்குப் போட வேண்டியது மாறிப் போய்விட்டது. யாரும் நம்புவார்கள். நௌஷாத் மன்னித்தும் விடுவார். வியாழக்கிழமை மெடிக்கலையும் எப்படியாவது ஒப்பேற்றிவிடலாம்.

பந்தல் போட்டுச் சேர் போட்டிருந்தார்கள். தெருவாசலில் நின்ற துரைராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நௌஷாத், பாயிஜாவைக் கிடத்தியிருந்த சந்தூக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, பரீத் அவர் தோளில் கை வைத்து நின்றான். அழுது சிவந்த கண்ணால் சேவியர்ராஜைப் பார்த்தான், நௌஷாத்தின் போனில் அவனும் படித்திருக்கிறான். நௌஷாத் நிமிர்ந்தார். உதடு அசைந்தது. அந்த ஒரு சொல்லை சேவியர்ராஜால் எந்தக் கூட்டத்திலும் படிக்க முடியும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமும் கடையில், செருப்புப் பெட்டிகளுக்கு நடுவே, முகமெல்லாம் சிரிப்பாக அவர் கேட்பது.

"கேட்டியா?"

தயார் செய்துவைத்த பொய்யை அப்படியே விட்டார். சேவியர்ராஜ் குனிந்தார். பரீத்துக்கு எட்டாதபடி நௌஷாத்தின் காதோரம் வாயை வைத்து, தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக, ரகசியமாகச் சொன்னார்.

"எனக்குக் காது கேக்காது பாய். பத்து மாசமா ஒண்ணுமே கேக்கல."

நௌஷாத் திடுக்கிட்டுத் தலையை விலக்கினார். பந்தலில் இருந்த அத்தனை முகங்களும் திரும்பின. உள்ளே இருந்த பெண்கள் நிலைப்படிக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். வாசலில் துரைராஜ், வாயைப் பிளந்தபடி, உள்ளங்கையை மெல்லக் கீழே அழுத்தினார்.

பரீத்தின் கை நௌஷாத்தின் தோளிலிருந்து நழுவியது. அவன் சேவியர்ராஜின் காதைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி காதைப் பார்த்தான்.

நௌஷாத் எழுந்து இவர் மணிக்கட்டைப் பிடித்தார். ஏதோ சொன்னார், நீளமாக. மீசைக்குள் உதடு புதைந்து புதைந்து எழுந்தது. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சொல்லி முடித்தும் பிடியை விடவில்லை. பள்ளிவாசலுக்கு நேரமாகியிருக்க வேண்டும்; ஆட்கள் நெருங்கி வந்தார்கள். நௌஷாத் இழுத்த இழுப்பில் சேவியர்ராஜும் சந்தூக்கின் ஒரு காலுக்குத் தோள் கொடுத்தார். எதிர்ப்பக்கத்துக் கால் பரீத்தின் தோளில் இருந்தது. அவன் கண் இவரை விட்டு அகலவில்லை.

சந்தூக்கு உயர்ந்தது. சுற்றிலும் எல்லா வாய்களும் கலிமா சொல்ல ஒன்றாகத் திறந்தன.