மட்டக்கம்பில் மூன்றாவது புள்ளி

விதுஷா பையிலிருந்து எடுத்து வைத்த கம்புத்துண்டைப் பார்த்ததும் அழகையாவின் கையிலிருந்த தேத்தண்ணி மேசையில் கொட்டியது. துடைக்க வேண்டும் என்று அப்பாவுக்கும் தோன்றவில்லை, மகளுக்கும் தோன்றவில்லை. கொழுந்து பறிக்கையில் செடியின் மேல் வைத்து மட்டம் பார்க்கும் கம்பு அது. அடுத்தவளுடையதோடு மாறாமலிருக்க ஒவ்வொருத்தியும் தன் கம்பில் ஓர் அடையாளம் வைத்திருப்பாள். மனைவி கருப்பம்மாவுக்கு அழகையாதான் ஆணியைக் காய்ச்சி மூன்று புள்ளி சுட்டுக் கொடுத்தார். மூன்றாவதில் கை அழுந்தி மறுபக்கம் வரை ஓட்டை விழுந்துவிட்டது. “கம்பு கேட்டா மனுசன் புல்லாங்குழல் செஞ்சி குடுக்குறாரு” என்று மலை முழுக்கச் சொல்லிச் சிரித்தாள் அவள்.

போன வருஷத்து மழையில் ஹாலிஎல ஊருக்கு மேலே அந்தத் தேயிலை மலை சரிந்து ஆற்றில் இறங்கியபோது அவளும் போனாள். உடல் கிடைக்கவில்லை. கண்ணால் ஒன்றையும் பார்க்காமல் கருமாதி செய்ய மாட்டேன் என்று அழகையா இன்றுவரை ஒற்றைக்காலில் நிற்கிறார். சொந்தக்காரர்கள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்கள்.

“எங்க கெடச்சிச்சு?”

“திருகோணமலக் கடல்லப்பா. நம்ம ஆறு போய் விழுற எடத்துல, அடி ஆழத்துல. நான் போன ஆராய்ச்சிக் கப்பல்ல வலையில வந்துச்சு.”

பல்கலைக்கழகத்தில் அவள் படிப்பதே அந்த ஆழத்து உயிர்களைப் பற்றித்தான். எள்ளளவு நத்தை இனம். முதுகில் தொப்பி கவிழ்த்த மாதிரி வெள்ளை ஓடு. வெளிச்சம் எட்டாத இடத்தில், ஆறு கொண்டுபோய்த் தள்ளிய மரத்தில் ஒட்டிப் பிழைப்பவை. மரம் தீர்ந்தால் அவற்றின் கதையும் முடிந்தது. கம்பின் ஓட்டையிலிருந்து ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்து, கெடாமலிருக்க ஸ்பிரிட் ஊற்றிய போத்தலில் போட்டு முடித்த பிறகுதான், பக்கத்திலிருந்த மற்ற இரண்டு புள்ளிகளும் அவள் கண்ணில் பட்டன. கப்பலில் அலறியது தானென்று அவளால் இன்னும் நம்ப முடியவில்லை.

அழகையா சுண்டுவிரலை ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார்.

“இதுக்குள்ளயா இருந்துச்சுக?”

“ஆமாப்பா. குடும்பம் குடும்பமா.”

“உசிரோடயா?”

“மேல வாறப்ப உசிரோடதான் இருந்துச்சுப்பா. நாந்தான் ஸ்பிரிட்டுல போட்டேன்.”

அழகையா விரலை ஓட்டையிலிருந்து எடுத்தார். பிறகு, “பூசாரிய வரச்சொல்லு” என்றார்.

கம்பை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலை ஒட்டிய தேயிலைச் செடியின் மேல் அதை வைத்து, மட்டத்துக்கு மேலே நீட்டியிருந்த கொழுந்தைக் கிள்ளினார். கூடை இல்லை. எங்கே போடுவதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.