குளுகுளுவின் கார்

பட்டறைக்கு எதிரே தினமும் காரை நிறுத்துகிறவனுக்கு டிங்கர்காரர் வைத்த பெயர் குளுகுளு. வெயிலோடு அவனுக்கு அப்படியொரு ஜென்மப் பகை! முன் கண்ணாடிக்கு வெள்ளித் தட்டி, ஸ்டீயரிங்குக்கு ஈரத் துண்டு, பக்கக் கண்ணாடிகளுக்குக் கறுப்பு ஃபிலிம், அதற்கும் உள்ளே துணித் திரை. போன வாரம் அவனுடைய நாலு வயது மகள் திரையை விலக்கி டிங்கர்காரருக்கு டாட்டா காட்டினாள். அதற்கு நடுத்தெருவில் பளாரென்று ஓர் அறை.

"திரையத் தொடாதேன்னு எத்தன தடவ சொல்றது?"

தட்டிக்கேட்கப் போன டிங்கர்காரருக்கும் வாய் நிறைய வசவு கிடைத்தது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது.

இன்று உச்சி வெயில். பானட்டில் கை வைத்தால் தோல் உரியும். மனைவி முதலில் இறங்கித் தையல்கடைக்குப் போனாள். குளுகுளு திரையெல்லாம் இழுத்துவிட்டு, பூட்டிக்கொண்டு வங்கிக்குள் போய் அரைமணி ஆயிற்று. கதவுத் தகடு ஒன்றை நிமிர்த்திக்கொண்டிருந்த டிங்கர்காரர் சுத்தியலை நிறுத்தியபோதுதான் அந்த விசும்பல் கேட்டது. பூனைக்குட்டியோ என்று நினைத்தார். எதிரே நின்ற காரிலிருந்து வருகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய்க் கண்ணாடியில் காது வைத்தார்.

"அம்மா..."

கைப்பிடியை இழுத்தார், பூட்டியிருந்தது. "பாப்பா! திரைய விலக்கு கண்ணு, நான்தான்!" திரை அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் விசும்பலும் நின்றுபோனது.

பின்கதவுக் கண்ணாடியின் மூலையைப் பார்த்துச் சுத்தியலால் ஒரே போடு போட்டார். கண்ணாடி பொடிப்பொடியானது, ஆனால் விழவில்லை! பாழாய்ப்போன ஃபிலிம் அத்தனை சில்லையும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றது.

"டேய்!" வங்கி வாசலிலிருந்து குளுகுளு பாய்ந்து வந்தான். வரும் வழியிலேயே பட்டறைக் கம்பி ஒன்று அவன் கைக்கு வந்துவிட்டது.

"யோவ், உள்ள உன் புள்ள இருக்குய்யா!"

"அவ அம்மாகூடப் போயிருக்கா. பழைய கோபத்த என் கார்லயா தீத்துக்கற?"

முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது வலது மணிக்கட்டில். எலும்பு முறிந்த சத்தம் டிங்கர்காரருக்கே கேட்டது. சுத்தியல் கீழே விழுந்தது. திருப்பி அடிக்க அவருக்குத் தெரியாதா என்ன? இருபது வருஷம் இரும்பை அடித்த கை. ஆனால் திரும்பினால் ஒரு நிமிஷம் போய்விடும், அந்த ஒரு நிமிஷம் குழந்தைக்கு மிச்சம் இருக்கிறதோ இல்லையோ. முதுகைக் கம்பிக்குக் கொடுத்துவிட்டு, இடதுகை முஷ்டியால் ஃபிலிமைக் குத்திக் கிழித்தார். முழங்கை வரை ரத்தம் ஓடியது. மண்டையில் ஒன்று இறங்கியது.

"கொல்லுடா பாவி! புள்ளய எடுத்துட்டுச் சாகறேன்!"

கிழிசலுக்குள் கைவிட்டுத் திரையைப் பிய்த்து எறிந்தார். பின்சீட்டுக்குக் கீழே, யார் கண்ணிலும் படாத இடுக்கில், செக்கச்செவேலென்று வெந்த முகத்தோடு கிடந்தாள் மகள்.

கம்பி தெருவில் விழுந்தது. குளுகுளு நின்ற இடத்திலேயே நின்றான். டிங்கர்காரர்தான் பூட்டை விடுவித்து, ஒற்றைக் கையால் அவளை வாரிக்கொண்டு பட்டறை நிழலுக்கு ஓடி, குடத்துத் தண்ணீரைத் தலையில் ஊற்றினார். ஒரு குடம், இன்னொரு குடம். அவள் இருமினாள். மூச்சு வந்தது. கண் திறந்தது.

குளுகுளு மண்டியிட்டுத் தவழ்ந்து வந்தான். "கண்ணு... அப்பா வந்திருக்கேன்..." என்று கையை நீட்டினான்.

அவள் இரண்டு கையாலும் கன்னத்தை மூடிக்கொண்டாள்.

"நான் திரையத் தொடலப்பா."