மங்கிய இரண்டாவது கோடு

அழைப்பு மணி ஒரே மூச்சில் மூன்று முறை அலறியது. கதவைத் திறந்தால் வாசலில் ஹிங்கெ. இடுப்பில் காலி பாட்டில் பெட்டி, தலையெல்லாம் மழை.

"ஏண்டி வீட்ஸ்கெ, நிஜமாவா? கர்ப்பிணிங்க லிஸ்ட்ல உன் பேரைப் பார்த்ததும் சைக்கிளை மிதிச்ச மிதியில ரெண்டு வாத்தாவது செத்திருக்கும்!"

வீட்ஸ்கெ வாய்விட்டுச் சிரித்தாள். வயது நாற்பத்திரண்டு. சோதனைக் குழாய் சிகிச்சை மூன்று முறை ஆகிவிட்டது, இதுதான் கடைசி. இனி உடம்பு தாங்காது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

ஹிங்கெயின் வேலை ஊரறிந்தது. புதிதாகக் கருவுற்ற பெண்களின் வீடு வீடாகப் போய் அவர்களுடைய சிறுநீரை வாங்கி வருவாள். கரு ஒட்டியதும், 'நான் வந்துவிட்டேன், மாத உதிரத்தை நிறுத்து' என்று தாயின் உடம்புக்குச் சேதி அனுப்பும். அந்தச் சேதிதான் ஹார்மோன். ரத்தத்தில் ஓடி, மிச்சம் சிறுநீரில் இறங்கும். அதைப் பிரித்தெடுத்துப் பிள்ளையில்லாதவர்களுக்கு ஊசி மருந்தாக்குவார்கள். இத்தனை வருடம் அந்த மருந்தை வாங்கும் பக்கம் நின்ற வீட்ஸ்கெ, இன்றுதான் கொடுக்கும் பக்கம் வந்திருக்கிறாள்.

ஹிங்கெ பாட்டில் கொண்டுவரும்வரைகூடப் பொறுமையில்லை. ஆப்பிள் ஜூஸ் பாட்டிலைக் கழுவி, காலையிலேயே நிரப்பி மேஜைமேல் வைத்திருந்தாள்.

"நல்லவேளை, உன் புருஷன் குடிச்சு வைக்கல!"

"யெல்லெவா? அந்த மனுஷன் குடிச்சாலும் வித்தியாசம் தெரியாதுக்கா."

காபி வந்தது. ஆளுக்கு ஒரு பிஸ்கட் எடுத்ததும், அந்த ஊர் வழக்கப்படி டப்பாவை மூடிவைத்தாள் வீட்ஸ்கெ. அதன் பக்கத்தில், பிள்ளை பிறந்தால் ரஸ்க்கில் தூவித் தரும் சோம்பு மிட்டாய் இரண்டு பொட்டலம். பெண்ணுக்கு இளஞ்சிவப்பு, பையனுக்கு நீலம்.

"இப்பவே வாங்கிட்டியா?" ஹிங்கெ சிரித்தபடி படிவத்தை விரித்தாள். "சரி, சொல்லு. கடைசி பீரியட்ஸ் எப்ப?"

"எனக்கு அந்தக் கணக்கு எங்கக்கா? முட்டை முதிர கடைசி ஊசி போட்டது போன செவ்வாய். ஞாயித்துக்கிழமை கருவை உள்ள வச்சாங்க. திங்கக்கிழமையே ரெண்டு கோடு! ரெண்டு வாரம் பொறுத்துப் பாருன்னாங்க. யாரால முடியும்?"

ஹிங்கெயின் பேனா நின்றது. இன்று வியாழன். விரலை மடக்கி எண்ணினாள். ஊசி போட்டு ஒன்பது நாள்.

"குச்சியெல்லாம் வச்சிருக்கியா?"

ஜன்னல் விளிம்பில் மூன்று குச்சிகள், தேதி எழுதி வரிசையாக. திங்கட்கிழமைக் கோடு அடர்சிவப்பு. புதன் கோடு வெளிர். இன்றைய கோடு, இருக்கிறதா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"குச்சி மட்டம்க்கா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி காட்டுது."

ஹிங்கெ பேனாவை மூடினாள். படிவத்தை நான்காக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"கரு பிடிச்சிருந்தா கோடு நாளுக்கு நாள் அழுத்தமாகணும்டி. வெளுக்கக் கூடாது."

வெளியே மழை விட்டிருந்தது. மேஜைமேல் இருந்த ஜூஸ் பாட்டிலை வீட்ஸ்கெ தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அப்போ அதுல ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இருக்கு கண்ணு. உனக்குப் போட்ட ஊசியில இருந்த அதே ஹார்மோனோட மிச்சம், அதைத்தான் குச்சி காட்டுச்சு. போன வருஷம் எவளோ ஒருத்தி வீட்டு வாசல்ல நான்தான் அதை வாங்கிட்டுப் போயிருப்பேன்."