ஒன்பது நாள்

டுபாயில் கிளடிஸ் நான்கு மாதம் ஒரு மலிவு விடுதியில் இருந்தாள். ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் அதைப்பற்றி யார் கேட்டாலும் "சரியான வெக்கை" என்று மட்டும் சொன்னாள். அண்ணன் சீமோனும் அவன் மனைவி றோசலினும் அதற்கு மேல் கேட்கவில்லை. மடு அகதி முகாமில் இரண்டு வருடம் கிடந்து, பிறகு கொழும்பில் ஒளித்திருந்து, கனடாவுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரனை நம்பி வெளிக்கிட்டவள். இன்னும் கேள்வி கேட்டு ஏன் வருத்துவான் என்று விட்டுவிட்டார்கள்.

சொல்வதற்கு நிறைய இருந்தது.

அந்த விடுதி மீன் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்துக்குள் இருந்தது. கீழே இரண்டு மாடியும் ஆண்களுக்கு. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மூன்றாம் மாடியில் ஒரேயொரு அறை பெண்களுக்கு. நான்கு இரட்டைத்தட்டுக் கட்டில்கள். ஜன்னலில் ஒரு பழைய ஏ.சி. அதைப் பின்னேரம் ஆறு மணிக்குப் போட்டு விடிய ஆறு மணிக்கு நிற்பாட்டிவிடுவார்கள். மெயின் சுவிட்ச் கீழே மனேஜரின் மேசைக்குப் பின்னால் இருந்தது. மனேஜர் வயதான மலையாளி. எல்லோரும் அவரை, அண்ணன் என்ற அர்த்தத்தில், இக்கா என்று கூப்பிட்டார்கள். பகலில் ஏ.சி. கேட்டால் இரண்டு கையையும் விரித்துக் காட்டுவார். முதலாளியின் உத்தரவு.

அறையிலிருந்த மற்றப் பெண்கள் விடியவே வேலைக்குப் போய் நடுச்சாமத்தில் வந்து விழுவார்கள். பகல் முழுக்க உள்ளே கிடந்தது இரண்டு பேர்தான், கிளடிஸும் நிரூபாவும். இருவருக்கும் விசா முடிந்திருந்தது. வெளியே கால் வைத்தால் பொலிஸ் பிடித்துத் திருப்பி அனுப்பிவிடும் என்று ஏஜென்சிக்காரன் ஸ்ரீஸ்கந்தராசா வெருட்டி வைத்திருந்தான்.

நிரூபாவுக்கு இருபத்தாறு வயது. ஊர் கோண்டாவில். கலியாணம் முடிந்து பத்தொன்பதாம் நாள் அவள் புருஷன் கிருபன் கனடாவுக்கு வெளிக்கிட்டவன். அது தொண்ணூறில். அவனுக்கு அகதி அந்தஸ்துக் கிடைத்தும் அவளைக் கூப்பிடுகிற பேப்பர்கள் அசையவில்லை. கடைசியில் அவனும் ஸ்ரீஸ்கந்தராசாவைத்தான் பிடித்தான். கிளடிஸுக்கு மூன்று கிழமை முந்தியே நிரூபா அந்த அறைக்கு வந்துவிட்டாள்.

ஜூன் பிறந்த பிறகு குழாயைத் திறந்தால் கொதிதண்ணீர்தான் வந்தது. விடியவே வாளியில் பிடித்துக் கட்டிலுக்குக் கீழே வைப்பார்கள். மத்தியானம் அது கொஞ்சம் ஆறியிருக்கும். துவாயை நனைத்துப் பிழிந்து நெஞ்சில் போட்டுக்கொண்டு சீமெந்துத் தரையில் படுப்பார்கள். கட்டில் கம்பியில் கை வைக்க முடியாது. துவாய் காய அரை மணித்தியாலம் எடுக்காது.

நிரூபாவுக்குப் படுத்தபடி கதைக்கவேண்டும். "நாலு வருஷம் அக்கா. எயார்போட்டிலை என்னைக் கண்டால் இன்னார் எண்டு அவருக்கு மட்டுக்கட்டேலுமோ?" என்று கேட்பாள். கிளடிஸ் முகாமில் சின்னப்பிள்ளைகளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்தவள், பொறுமை உள்ளவள். "ஏலும். நீ சிரிச்சால் காணும்" என்பாள். இதையே ஒரு நாளைக்கு மூன்று தரம் கேட்டாலும் மூன்று தரமும் சொல்வாள்.

ரெலிபோன் வசதி இல்லை. மாதத்தில் ஒரு நாள் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களைத் தனக்குத் தெரிந்த கடையொன்றுக்குக் காரில் கூட்டிப்போய்க் கனடாவுக்கு எடுத்துக் கொடுப்பான். பக்கத்திலேயே நிற்பான். விடுதியின் பெயரையோ இடத்தையோ சொல்லக்கூடாது. சொன்னால் எல்லாருக்கும் ஆபத்து என்பான். அதனால் கிருபனுக்கு மனைவி டுபாயில் இருக்கிறாள் என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாது. ஜூலையில் ஸ்ரீஸ்கந்தராசா கூட்டிப்போகவே இல்லை.

அப்போதுதான் இருவரும் ஒரு வேலை செய்தார்கள். ஒருத்தியின் வீட்டு நம்பரை மற்றவள் பாடமாக்கினாள். கடதாசியில் எழுதி வைத்தால் வழியில் பிடிபடும்.

"ஆர் முதலிலை போனாலும் போய் இறங்கின உடனை மற்ற ஆளின்ரை வீட்டுக்கு அடிக்கவேணும்," என்றாள் நிரூபா. "இடம் இதுதான் எண்டு சொல்லவேணும்."

"பேந்து? சொல்லாமல் விடுவனோ?" என்றாள் கிளடிஸ்.

ஓகஸ்ட் முதற்கிழமை நிரூபாவுக்குக் காய்ச்சல் பிடித்தது. இரண்டு நாள் உடம்பு அனலாக எரிந்தது. கிளடிஸ் இரவும் பகலும் துவாயை நனைத்துப் போட்டாள். இக்கா இரண்டு கார்ட் பனடோல் குளிசை கொண்டுவந்து கொடுத்தார். மூன்றாம் நாள் காலமை காய்ச்சல் விட்டதுபோல் இருந்தது. நிரூபா எழும்பி இருந்தாள். பிளேன்ரீ குடித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு கக்கூசுக்குப் போய்த் தனியே திரும்பி வந்தாள். பிறகு படுத்து நித்திரையாகிவிட்டாள்.

பத்து மணிபோல ஸ்ரீஸ்கந்தராசா படியேறி வந்தான். இக்காவின் தயவில் அவன் மேலே வருவதுண்டு. வாசலில் நின்றபடியே சொன்னான்: "ஒரு பாஸ்போட் வந்திருக்கு. முப்பது வயசுக்காரி. முகம் ரெண்டு பேருக்கும் பொருந்தும். ரெண்டு மணித்தியாலத்திலை எயார்போட்டிலை நிக்கவேணும். நிரூபாவின்ரை முறை. அவ எழும்பி நடப்பாவோ?"

கிளடிஸ் திரும்பி நிரூபாவைப் பார்த்தாள். வாய் கொஞ்சம் திறந்தபடி, தலைமயிர் நெற்றியில் ஒட்டியபடி கிடந்தாள்.

"இல்லை," என்றாள் கிளடிஸ். "அவவாலை ஏலாது."

"அப்ப நீங்கள் வெளிக்கிடுங்கோ."

அவள் ஐந்து நிமிடத்தில் உடுப்பு மாற்றினாள். நிரூபாவை எழுப்பவில்லை. எழுப்பினால் அவள் எழும்பி நடப்பாள் என்று தெரியும். வாளியைத் தலைமாட்டுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துவிட்டுப் படியிறங்கினாள். இக்கா மேசையிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். நிரூபா இனித் தனியே கிடக்கிறாள், இடைக்கிடை போய்ப் பாருங்கள் என்று அவருக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்ரீஸ்கந்தராசா காரை ஸ்ராட் பண்ணிவிட்டான். அவள் சொல்லவில்லை.

ஓகஸ்ட் எட்டாம் திகதி ரொறன்ரோவில் இறங்கி, அகதி என்று சொல்லி, ஏழு மணித்தியாலம் விசாரணைக்கு இருந்து வெளியே வந்தாள். சீமோன் அவளைக் கட்டிப்பிடித்து அழுதான். ஸ்காபரோவில் பன்னிரண்டாம் மாடியில் அவர்களுடைய அப்பாட்மென்ற். வரவேற்பறையில் சோபாவுக்குப் பக்கத்துச் சின்ன மேசையில் ரெலிபோன் இருந்தது.

முதல் நாள் களைப்பு என்று அடிக்கவில்லை. இரண்டாம் நாள் நம்பரை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். ஒரு இலக்கமும் பிசகவில்லை. றிசீவரை எடுத்தாள். கிருபன் முதலில் என்ன கேட்பான் என்று யோசித்தாள். முந்தி வந்தவ இருக்க நீங்கள் எப்பிடி முதல் வந்தனீங்கள் என்று கேட்பான். றிசீவரை வைத்தாள்.

சொல்லவேண்டியதை ஒழுங்குபடுத்திவிட்டு அடிப்போம் என்று நினைத்தாள். காய்ச்சல் கடுமையாக இருந்தது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால், அவ்வளவு கடுமையாக இருந்தவளை ஏன் தனியே விட்டனீங்கள் என்பான். காய்ச்சல் விட்டுவிட்டது என்று சொன்னால், பிறகேன் அவ வரவில்லை என்பான். எந்தப் பக்கத்தால் தொடங்கினாலும் அந்த வாசலில்தான் போய் நின்றது.

இதற்குள் நிரூபா எழும்பி நடந்திருப்பாள், அடுத்த பாஸ்போட் வந்திருக்கும், நாளைக்கோ நாளையின்றைக்கோ அவளே வந்து இறங்கி என்னை ஏசுவாள் என்று தன்னைத் தேற்றினாள். றோசலின் அவளை வைத்தியரிடம் கூட்டிப்போனாள். சீமோன் சட்டத்தரணியிடம் கூட்டிப்போனான். ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போய் வந்தார்கள். நாட்கள் போயின.

பதினோராம் நாள் காலமை வீட்டில் ஒருவரும் இல்லாதபோது அடித்தாள். ஒரு ஆண்குரல் எடுத்தது.

"கிருபனோ?"

"நான் அவனோடை இருக்கிறனான். சச்சிதானந்தன். ஆர் கதைக்கிறியள்?"

"டுபாயிலை நிரூபாவோடை இருந்தனான். கிளடிஸ்."

"உங்களுக்குத் தெரியாதோ அக்கா," என்றார் அவர். "அந்தப் பிள்ளை பதினேழாம் திகதி முடிஞ்சுபோச்சு. ஏஜென்சிக்காரன் நேற்றுத்தான் சொன்னவன். காய்ச்சல் திருப்பி வந்து ரெண்டு மூண்டு நாள் ஒருத்தரும் கவனிக்கேல்லையாம். மனேஜர் கண்டு ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முடிஞ்சுதாம்."

கிளடிஸ் றிசீவரைப் பிடித்தபடி தரையில் இருந்துவிட்டாள்.

கிருபன் அடுத்த சனிக்கிழமை வந்தான். மெலிந்த ஆள், பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுசில் வேலை. சோபாவின் நுனியில் இருந்தான். டுபாய்க்குப் போக அவனிடம் பிரயாணப் பத்திரம் இருக்கவில்லை, நிரூபாவின் உடலை அங்கேயே எரித்துவிட்டார்கள். இக்காவும் விடுதியில் இருந்த நாலைந்து பேரும்தான் கூட நின்றார்களாம்.

"அவ இருந்த இடத்தைச் சொல்லுங்கோ அக்கா," என்றான். "எனக்கு ஒண்டும் தெரியாது."

அவள் சொன்னாள். அறை, கட்டில், ஏ.சி., வாளி, துவாய். அவன் சின்னச் சின்னதாகக் கேட்டான். ஜன்னலாலை வெளியே ஏதும் தெரியுமோ? மற்றக் கட்டிடத்தின்ரை சுவர். என்ன சாப்பிட்டவ? குபூஸ் ரொட்டியும் பருப்பும். என்னைப்பற்றிக் கதைக்கிறவவோ? எந்த நாளும்.

"வெளிக்கிடேக்கை உங்களுக்கு என்ன சொன்னவ?"

ஆறுதலாக ஏதாவது ஒன்றைச் சொல்லியிருக்கலாம். சோபாவுக்குப் பக்கத்தில் நின்ற சீமோனும் அதைத்தான் எதிர்பார்த்தான்.

"ஒண்டும் சொல்லேல்லைத் தம்பி. நித்திரையாக் கிடந்தவ. நான் எழுப்பேல்லை. அது அவவின்ரை முறை. எழுப்பியிருந்தால் வந்திருப்பா. ஏலாது எண்டு நான்தான் ஏஜென்சிக்காரனுக்குச் சொன்னனான்."

கிருபன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கள் எப்ப இஞ்சை இறங்கினனீங்கள்?"

"எட்டாந்திகதி."

"அவ முடிஞ்சது பதினேழு. ஒன்பது நாள்." பிறகு கேட்டான்: "என்ரை நம்பர் உங்களிட்டை இருந்ததோ?"

"பாடமாக்கி வைச்சிருந்தனான்."

"விடுதியின்ரை பேர்?"

"தெரியும்."

"ஷார்ஜாவிலை என்ரை பெரியம்மாவின்ரை மகன் இருக்கிறார்," என்றான் கிருபன். குரல் உயரவில்லை. "கார் வைச்சிருக்கிறார். இடம் தெரிஞ்சிருந்தால் அண்டைக்கே போயிருப்பார். இடம் தெரியாமல்தான் ஜூலை முழுக்க அவரும் நானும் அந்தரிச்சுக்கொண்டு இருந்தனாங்கள்."

றோசலின் தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவன் முழுவதையும் குடித்தான். கோப்பையைத் தட்டில் வைத்து, "போட்டு வாறன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனான்.

கதவு சாத்தியதும் சீமோன் தங்கையிடம் கேட்டான்: "உதை ஏன் அவனுக்குச் சொன்னனீ? விதி எண்டு நினைச்சு ஆறியிருப்பான். இப்ப அவன்ரை தலையிலை உன்ரை சுமையையும் ஏத்தி விட்டிருக்கிறாய்."

கிளடிஸ் வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். உண்மை சொன்னால் தனக்கு ஒரு கனம் குறையும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தாள். குறையவில்லை. அவன் நெஞ்சுக்குள் அந்த ஒன்பது நாளையும் கொண்டுபோய் வைத்ததுதான் மிச்சம்.

மாரி வந்தது. கிளடிஸ் ஒரு தையல் ஃபக்ரறியில் வேலைக்குச் சேர்ந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். சுவாமி, ஆண்டவர் மன்னித்துவிட்டார், சமாதானமாய்ப் போங்கோ என்றார். அவள் கோயில் படியில் நெடுநேரம் நின்றாள். சமாதானம் வரவில்லை. பெப்ரவரியில் அவளுடைய அகதிக் கேஸ் வென்றது. சீமோன் கேக் வாங்கி வந்தான். ஒரு துண்டை வாயில் வைத்தவள் மிச்சத்தைத் தட்டில் வைத்துவிட்டு எழும்பிப் போனாள்.

கிருபன் வேலையை விட்டுவிட்டு ஒஷாவாவில் ஒரு பேஸ்மென்ற்றில் தனியே இருக்கிறான் என்று சச்சிதானந்தன் சொன்னார். விலாசமும் கொடுத்தார். மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு, பூசைக்குப் போகாமல், இரண்டு பஸ் மாறிப் போனாள்.

அவன்தான் கதவைத் திறந்தான். தாடி வளர்ந்திருந்தது. அவளைக் கண்டு முகம் மாறவில்லை. உள்ளே வரச் சொல்லிக் கதிரையைக் காட்டினான். கட்டிலில் விரிப்பு இல்லை. மேசையில் நேற்றைய கோப்பைகள்.

"நீங்கள் என்னைக் கண்டபடி ஏசினாலும் பரவாயில்லைத் தம்பி," என்றாள். "அதுக்குத்தான் வந்தனான்."

"ஏசி என்ன வரப்போகுது?" என்றான். "பிளேனிலை ஏறினதை நான் பிழை சொல்லேல்லை அக்கா. அந்த வெக்கையுக்கை நான் கிடந்திருந்தாலும் ஏறியிருப்பன். எத்தினையோ தரம் யோசிச்சுப் பாத்திட்டன். ஏறியிருப்பன். ஆனால் போன்…" அவன் நிறுத்தினான். அடுப்பில் தண்ணீர் வைக்கப் போனவன் கேத்தலைக் கையில் பிடித்தபடி சுவரைப் பார்த்து நின்றான். "அந்த ஒன்பது நாளிலை எந்த நாள் அடிச்சிருந்தாலும் தப்பியிருப்பா எண்டு நாள் நாளா எண்ணிக்கொண்டு கிடக்கிறன். வேற ஒண்டும் செய்யேலாமல் இருக்கு."

கிளடிஸ் எழுந்து நின்றாள். கிட்டப் போகவும் முடியவில்லை, வெளியே போகவும் முடியவில்லை.

"இனி வராதேங்கோ அக்கா," என்றான், திரும்பாமலே. "கோவமில்லை. உங்களைக் கண்டால் எனக்கு அந்த அறைதான் தெரியுது. அவ தெரியிறா இல்லை."

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு படியேறி வெளியே வந்தாள். உருகிய பனி ரோட்டோரம் சேறாய்க் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தது. தரிப்பிடத்தில் இருக்க வாங்கு இல்லை. அவள் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். இனிப் போக ஓர் இடமோ, மன்னிப்புக் கேட்க ஒரு ஆளோ அவளுக்கு மிச்சமில்லை.