வாலுக்காரி

அக்காவைத் தலைகீழாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். முன்னால் போட்டோக்கடைக்காரர், பின்னால் மாமா, நடுவில் ஆளுயரச் சட்டத்துக்குள் கூந்தல் மிதக்க, கட்டைவிரலைக் காட்டிக்கொண்டு அக்கா. விரல் தரையைப் பார்த்தது.

“டேய் டைரக்டர், என்னடா வேடிக்கை? வந்து ஒரு கை குடு,” என்றார் மாமா, மூச்சிரைக்க. “படம் புடிக்கத்தான் தெரியும், படத்தைப் புடிக்கத் தெரியாதா?”

தம்பி ஓடிப்போய்ப் பிடித்தான். ‘டைரக்டர்’ என்பது, அவன் வேலையை விட்ட சேதி கசிந்த அன்று உறவுக்காரர்கள் கொடுத்த பட்டம். பட்டம் வந்து மூன்று வருஷமாகிறது. படம்தான் இன்னும் வரவில்லை.

படம், கடற்கன்னிகளாக வாழ்கிறவர்களைப் பற்றியது. ரப்பர் வாலுக்குள் இரண்டு காலையும் திணித்துக்கொண்டு, கிடைத்த தண்ணீரிலெல்லாம் போய் விழுகிற மனிதர்கள். தங்களை ‘வாலுங்க’ என்று சொல்லிக்கொள்வார்கள். மற்ற உலகம் முழுக்க ‘காலுங்க’. லாரி ஓட்டுகிற ஒருவர் அங்கே திமிங்கிலம். ஊதினால் பறந்துவிடுகிற தையல்காரி ஒருத்தி, அயிரை. நாலு பேரைச் சிரிக்க வைக்கலாம் என்றுதான் தம்பி கேமராவைத் தூக்கினான். முதல் நாளே, நீச்சல் குளத்திலிருந்து புரண்டு கரையேறிய பச்சை வால் ஒன்றைப் பேட்டி எடுக்கக் குனிந்தால், அக்கா. பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கிற அதே அக்கா.

“அம்மாகிட்ட சொல்லிடாதடா.”

“நான் வேலையை விட்டதை நீயும் சொல்லாத.”

அங்கே அவள் கெளுத்தி. “மத்தவளுங்க முத்து, பவளம்னு வச்சுக்குறாளுங்க. எனக்குத்தான் மீசையே இருக்கே,” என்பாள். கல்யாணப் பேச்சு எடுத்தால், “மாப்பிள்ளைக்குச் செதில் இருக்கான்னு கேட்டுச் சொல்லுங்க,” என்று எழுந்து போய்விடுவாள். அவள் வந்த பிறகு படத்தில் சிரிப்பு குறைந்தது. வேறு ஏதோ சேர்ந்தது. அது என்னவென்று அவனுக்கே தெரியாது. தெரியாததால்தான் மூன்று வருஷம்.

கூடத்தில் அக்கா கிடந்த ஐஸ்பெட்டிக்குப் பின்னால் படத்தை நேராக்கிச் சாத்தினார்கள். வாசலோரம் செருப்பைத் தேடுகிற சாக்கில் பக்கத்து வீட்டுக்காரர் யாரிடமோ சொன்னார்: “வால் மாட்டி மீனா மாறினவ தண்ணியில மூழ்கிட்டாளாம்.” கேட்டவர் சிரிப்பை இருமலாக்கி வெளியேற்றினார்.

அம்மாவுக்கு அது காதில் விழவில்லை. அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எப்படிக் காட்டறா பாரு. சூப்பர்ங்கறா. என் பொண்ணு கஷ்டப்படலடா. கஷ்டப்பட்டிருந்தா இப்படிக் காட்டுவாளா?”

நேற்றிலிருந்து அம்மா இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். தம்பியும்தான். அக்காவுக்கு உருப்படியான போட்டோ கிடையாது. அடையாள அட்டையில் பிடிபட்ட திருடி மாதிரி இருப்பாள். அதனால் கடைசி ஷாட்டிலிருந்து இதை எடுத்துக் கொடுத்தான். அதற்கப்புறம் பதிவாகியிருப்பதை அவன் பார்க்கவில்லை.

“இதையே போஸ்டரா ஒட்டுடா. படம் பிச்சுக்கும்,” என்று மாமா காதோடு சொன்னார். கொடுமை என்னவென்றால், காலையில் பல் தேய்க்கும்போது தம்பிக்கும் அதே தோன்றியிருந்தது.

திமிங்கிலமும் அயிரையும் மத்தியானம் வந்தார்கள். கால்களோடு பார்க்க இரண்டு பேரும் யாரோ மாதிரி இருந்தார்கள். அயிரை தோளில் நீளப் பை, அடியில் ஈரம். திமிங்கிலம் பெட்டியருகே குனிந்து நிமிர்ந்தவர், படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவருடைய கை தம்பியின் முழங்கையைப் பிடித்து மொட்டைமாடிப் படியில் பாதிவரை இழுத்துப் போனது.

“தம்பி, அது எப்ப எடுத்தது?”

“கடைசி ஷாட்ணே. கண்ணாடித் தொட்டியில.”

“நான் பாறைக்குப் பின்னாடி இருந்தப்பவா?”

“ஆமாண்ணே.”

திமிங்கிலம்தான் காற்றுக்குழாயோடு தொட்டிக்குள் இருந்தவர், அக்காவின் காவல். “அண்ணே, உங்க தொப்பை ஃப்ரேமுக்குள்ள வருது, கொஞ்சம் மறைஞ்சுக்கோங்க,” என்று கண்ணாடியைத் தட்டிச் சைகை காட்டி அவரை ஒதுக்கியவன் தம்பி. எல்லாரும் அப்போது சிரித்தார்கள். தண்ணீருக்குள் அக்காவும் சிரித்தாள், குமிழி குமிழியாக.

“அவ விரலைக் காட்டினதும் நீ என்ன பண்ண?”

“நானும் காட்டினேன்.” தம்பி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். “இன்னும் கொஞ்சம் இருன்னு சொன்னேன்.”

பின்னாலேயே ஏறி வந்திருந்த அயிரை முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

“தண்ணிக்குள்ள ‘நல்லாருக்கேன்’னா இப்படி.” திமிங்கிலம் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகச் சேர்த்தார். “கட்டைவிரல் வேற. மேல கூட்டிட்டுப் போன்னு அர்த்தம். கால் இழுத்துப் பிடிச்சிருக்கும் தம்பி. ரெண்டு காலும் ஒரே வாலுக்குள்ள, மிதக்காம இருக்க இடுப்புல ஈயக்கட்டி. அவ உன்னைப் பாத்துக் காட்டியிருக்கா. நீ போய் என்னைக் கூப்பிடுவேன்னு.”

புதிதாக வருகிறவர்களுக்கு அயிரை இந்தச் சைகைகளைச் சொல்லிக்கொடுத்த நாளில் தம்பியும் இருந்தான். கைகளை ஆட்டிக்கொண்டிருப்பதில் என்ன காட்சி இருக்கிறது என்று கேமராவை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

“உனக்குத் தெரியும்னு நினைச்சிருப்பா,” என்றாள் அயிரை சுவரிடம். “மூணு வருஷமா எங்களைப் படம் புடிக்கிற.”

கீழேயிருந்து அம்மா படியேறி வந்தாள். இந்த வீட்டில் இரண்டு நாளாக அவள் ஏறிய முதல் படி.

“நீங்கதானே கூட இருந்தது?” என்றாள் திமிங்கிலத்திடம். “உங்களுக்குத்தான் அந்தப் பாஷையெல்லாம் தெரியும்னாங்க. என் பொண்ணு என்னங்கறா, நீங்களே சொல்லுங்க.”

திமிங்கிலம் தம்பியைப் பார்த்தார். தம்பி தரையைப் பார்த்தான். சொல்லலாம். நான்கு வார்த்தைதான். வாயைக்கூடத் திறந்தான்.

“நல்லாருக்கேங்கறாம்மா,” என்றார் திமிங்கிலம்.

“அதான். நான் அப்பவே சொன்னேன்.” அம்மா தம்பியின் முதுகைத் தடவினாள். “நீ இருந்தது நல்லதாப் போச்சுடா. தெரிஞ்ச முகத்தைப் பாத்துட்டே போயிருக்கா.”

சாயங்காலம் வண்டி போய்த் திரும்பியது. கூட்டம் வடிந்தது. மாமா போட்டோக்கடைக்காரரிடம் போனில், எல்லா வீட்டுக்கும் சின்னதாக ஒவ்வொன்று போடச் சொல்லிக்கொண்டிருந்தார். பளபளப்பாகவே இருக்கட்டும் என்றார். அயிரை போகும்போது பையைத் தம்பியிடம் கொடுத்திருந்தாள். அலசியாகிவிட்டது, நிழலில் தொங்கவிட வேண்டும், சுருட்டி வைத்தால் நாறிவிடும் என்று மட்டும் சொன்னாள்.

குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு வாலை வெளியே எடுத்தான். அவன் நினைத்ததைவிட எவ்வளவோ கனம். ஆணி தாங்காது என்று குழாய்க்கு மேலிருந்த கம்பியில் இரண்டு கையாலும் ஏற்றிப் போட்டான். துடுப்பு தரையைத் தொட்டது. அதன் நுனியிலிருந்து தண்ணீர் வடியத் தொடங்கியது. அவன் தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தான்.

“யாருடா உள்ள தண்ணியைத் திறந்து விட்டது?” அம்மாவின் குரல் கேட்டது.

“நான்தாம்மா.”

“மூடிட்டு வா. வந்து ஏதாவது சாப்பிடு.”

“ம்,” என்றான். குழாய் மூடித்தான் இருந்தது.