பாக்கெட் மாதிரி வெட்டிய குழி

கழுத்துப் பொத்தானைப் போட்ட பிறகுதான் சட்டை எவ்வளவு தொளதொளத்துப் போயிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. காலருக்கும் அண்ணனின் கழுத்துக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும். ஊருக்கெல்லாம் அளவெடுத்துத் தைத்தவன் அவன். தனக்கென்று தைத்துக்கொண்ட சட்டை, பதினொரு நாளில் இரவல் வாங்கிய சட்டை போலாகிவிட்டது. அந்தப் பக்கம் நின்றிருந்த அண்ணி தோள்பட்டைச் சுருக்கத்தை நீவிவிட்டாள். நீவ நீவ அது மறுபடி விழுந்தது.

ஆஸ்பத்திரியின் பின்பக்க அறை அது. வெளியே வராந்தாவில் பெட்டி தயாராக இருந்தது.

அண்ணி வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். காலையில் உயிர் போனதிலிருந்து அதே பேச்சுதான். காய்ச்சல் கண்ட அன்றே கூட்டி வந்திருக்க வேண்டும், சர்க்கரை உடம்பு என்று தெரிந்தும் இரண்டு நாள் மாத்திரையிலேயே ஓட்டிவிட்டேன், என் புத்தி எங்கே போயிற்று என்று. வந்த சொந்தக்காரர்களும் அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். தலையாட்டுவதற்கு என்ன, காசா பணமா. அவளும் காலையிலிருந்து பேசாமல்தான் நின்றிருந்தாள். அது தலையாட்டியதைவிடக் கேவலம்.

அவள் வேலை பார்ப்பது மண்ணைச் சோதிக்கும் ஆய்வகத்தில். ஈர மண்ணுக்குள் தன்பாட்டுக்குக் கிடக்கும் ஒரு கிருமியை ஏழு வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறாள். அது கொடுக்கும் நோய்க்கு மெலியாய்டோசிஸ் என்று பெயர். காலில் ஒரு கீறல் இருந்தால் போதும், உள்ளே புகுந்துவிடும். சர்க்கரை உடம்பென்றால் அதற்குக் கொண்டாட்டம். நிமோனியா போலவும் காசநோய் போலவும் வேஷம் போடும், வழக்கமான மருந்துக்கு மசியாது. எந்த வயலில், எந்த ஆழத்தில் அது இருக்கிறது என்று பார்க்க அவள் குழி தோண்டியாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தோண்டித் தர அண்ணன் வருவான். அவளுக்கு அவன் வைத்த பெயர் மண்ணாங்கட்டி டாக்டர். கழுத்தில் தொங்கும் அளவு டேப்பைக் கழற்ற மறந்து அப்படியே வந்துவிடுவான். ஒரு முழ ஆழம், நாலு பக்கமும் கோடு போட்டது போல நேராக வெட்டுவான். பாக்கெட் வெட்டியிருக்கிறேன் பார், நீ மண்ணை எடுத்துக்கொண்டால் மூடி தைத்துவிடலாம் என்பான். ஆய்வகத்தில் சம்பளம் வாங்கும் ஒருவரும் அப்படி ஒரு குழி வெட்டியதில்லை.

காய்ச்சலோடு வருகிறவர்களிடம் கேட்க இந்த ஆஸ்பத்திரிக்குக் கேள்விப் படிவம் எழுதிக் கொடுத்தவளும் அவள்தான். காய்ச்சலோடு வருகிற எல்லோருடைய ரத்தத்தையும் அந்தக் கிருமிக்கான தனித் தட்டில் வளர்த்துப் பார்க்க வசதி கிடையாது. மண்ணில் இறங்கி உழைப்பவர்களுக்கு மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து, மூன்றாவது கேள்வியாகத் தொழிலைக் கேட்டிருந்தாள். அண்ணனைச் சேர்த்த அன்று நர்ஸ் அதே தாளை அவளிடம் நீட்டினாள். இவள் மளமளவென்று நிரப்பினாள். தொழில், தையல். தாள் போய்விட்டது. அவன் ரத்தம் தனித் தட்டுக்குப் போகவில்லை.

அண்ணன் கூட வந்து ஒத்தாசை செய்வதை வேலை என்று யார் நினைப்பார்கள்? அவள் நினைக்கவில்லை. கடைசிக் குழி வெட்டி மூன்று மாதமும் ஆகியிருந்தது. உடம்புக்குள் அந்தக் கிருமி மாதக்கணக்கில் பதுங்கிக் கிடக்கும் என்று மேடை போட்டு மற்றவர்களுக்குச் சொன்னவளேதான் அந்தத் தாளில் தையல் என்று எழுதினாள். ஐந்தாம் நாள் அவன் போர்வையை இழுத்து மூடும்போது குதிகாலில் ஆறிப்போன தழும்பைப் பார்த்தாள். குழிகள் நினைவுக்கு வந்து டாக்டரிடம் ஓடினாள். அவள் கெஞ்சியதும் அன்றே மருந்தை மாற்றி, ரத்தத்தையும் தனித் தட்டில் வைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தட்டில் சுருக்கம் சுருக்கமாக அது முளைத்து வந்தது. அதற்குள் நுரையீரல் கைமீறிப் போயிருந்தது.

“அந்த ரெண்டு நாள் மட்டும் நான் தள்ளிப்போடாம இருந்திருந்தா…” என்று அண்ணி மறுபடி ஆரம்பித்தாள்.

“அண்ணி, அது இல்ல.”

அண்ணி நிமிர்ந்து பார்த்தாள்.

“உங்களால இல்ல. என்னால.”

சொல்லிவிட்டாள். குழிகளைப் பற்றி, தாளைப் பற்றி, ஐந்து நாள் உதவாத மருந்து ஏறியதைப் பற்றி, ஒன்றையும் மறைக்காமல். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தாள். முடியவில்லை.

“நான் பூட்ஸ் போட்டிருந்தேன் அண்ணி. அண்ணன் வெறுங்காலோட நின்னான். போடச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

அண்ணியின் கை அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உனக்குத் தெரியுந்தானே இதெல்லாம்?”

“தெரியும்.”

அண்ணி சீப்பை எடுத்து அண்ணனுக்குத் தலை வாரினாள். வகிடு கோணலாக விழுந்தது. கலைத்துவிட்டு மறுபடி வாரினாள்.

“நீ கொஞ்சம் வெளிய இரு,” என்றாள்.

அதன் பிறகு அண்ணி அவள் பக்கம் திரும்பவே இல்லை. முன் வண்டியில் பெட்டியோடு அண்ணி போனாள். சொந்தக்காரர்கள் நிறைந்த பின் வண்டியில் அவள் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். ஏன் அழ மாட்டேன் என்கிறாய், அழுதுவிடு என்று யாரோ முதுகைத் தடவினார்கள். அண்ணன் போய்விட்டான், அண்ணியும் போய்விட்டாள் என்று மட்டும் அவளுக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

இடுகாட்டில் முந்தின நாள் மழையின் ஈரம் காயவில்லை. குழியின் அடியில் கலங்கல் தண்ணீர் கசிந்து நின்றது. பெட்டியைக் கீழே இருந்து வாங்கிக்கொள்ள, அங்கே வேலை பார்க்கும் பெரியவர் கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு விளிம்பில் உட்கார்ந்தார். வெறுங்கால். விரலிடுக்கெல்லாம் சேறு.

சொல்ல வேண்டும் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது?

“அண்ணே,” என்றாள் அண்ணி. காலையிலிருந்து பேசிப் பேசிக் குரல் கம்மியிருந்தது. “கால்ல எதையாவது போட்டுட்டு இறங்குங்க.”

“பரவால்லம்மா. நமக்குப் பழக்கந்தான்.”

“இல்லண்ணே. போட்டுட்டு வாங்க.”

நேரமாகிறது என்று யாரோ முனகினார்கள். பெட்டியைத் தூக்க நாலு பேர் குனிந்தார்கள். அண்ணி இரண்டு கையையும் பெட்டியின் மேல் ஊன்றிக்கொண்டு நின்றாள். குனிந்தவர்கள் நிமிர்ந்துவிட்டார்கள். பெரியவர் ஒருமுறை எல்லோரையும் சுற்றிப் பார்த்துவிட்டு, எழுந்து, சுவரோரத்துக் கொட்டகையை நோக்கி நடந்தார். அவர் காலுக்கு எதையாவது தேடி எடுத்து வரும்வரை எல்லோரும் ஈர மண்ணில் காத்து நின்றார்கள்.