மோட்டார் சத்தத்துக்கு அடியில்

கச்சேரி அரங்க வாசலில் வரிசை நகராமல் நின்றபோது, முன்னால் நின்ற இளைஞன் திரும்பி, காலர்காரியின் பனியனைப் பார்த்தான். அன்று பாடவிருந்த பாடகியின் படம் போட்ட பனியன். துணி வாங்கி அவளே வெட்டித் தைத்து, படத்தை மட்டும் கடையில் கொடுத்து அச்சடித்திருந்தாள். சட்டைத் தொழிற்சாலையில் காலர் வைப்பதுதான் அவள் வேலை. தையல் கூடத்தில் எல்லோருக்கும் அவள் காலர்காரிதான்; சொந்தப் பெயர் யாருக்கும் நினைவில்லை. பழக்கதோஷத்தில் பனியனுக்கும் ஒரு காலர் வைத்துவிட்டிருந்தாள்.

அக்கா இந்தப் பாடகியின் ரசிகையா என்று கேட்டான். தலையாட்டினாள். அப்படியென்றால் அவருடைய முதல் பாடல் தொகுப்பின் பெயர் என்ன? தெரியவில்லை. பாட வந்தது எந்த வருடம்? அதுவும் தெரியவில்லை. அவன் கேலி செய்யவில்லை, பரீட்சை வைத்தான். அதுதான் அவளைக் கூசவைத்தது. அவனுக்கு முன்னால் எத்தனையோ ஆண்கள் நின்றார்கள். அவர்களிடம் அவன் எதுவும் கேட்கவில்லை.

கூட வந்திருந்த நாத்தனாருக்குப் பொறுக்கவில்லை. "ஏன் தம்பி, அரிசி எந்த வயல்ல விளைஞ்சதுன்னு சொன்னாத்தான் இலையில சோறு விழுமா?"

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு, "சரி, ஒண்ணே ஒண்ணு. அந்த மழைப் பாட்டு எப்படி ஆரம்பிக்கும், சொல்லுங்க" என்றான்.

அந்தப் பாட்டுக்காகத்தான் அவள் வந்ததே. வெட்கத்தை மென்று விழுங்கிவிட்டு, வானத்தைக் கூப்பிடுவதுபோல் எழும் அந்த வரியைத் தாழ்ந்த குரலில் பாடினாள்.

"அது நடுவுல வர்றது அக்கா" என்றான் அவன். "பாதிப் பாட்டு அதுக்கு முன்னாடியே போயிடும். ரகசியம் சொல்ற மாதிரி பாடுவாங்களே, கேட்டதில்ல?"

பொய் சொல்கிறான் என்று நினைத்தாள். ஆனால் சுற்றி நின்றவர்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அப்புறம்தான் உறைத்தது. அவள் பாட்டுக் கேட்பதெல்லாம் தையல் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த ஒலிபெருக்கியில்தான். வீட்டில் இருந்த ஒரே போன் கணவனின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். கூடத்தில் வரிசை வரிசையாக மோட்டார்கள் இரைய, அதற்கு மேல் எழுந்த குரல் மட்டுமே அவளை எட்டியது. தாழ்ந்ததெல்லாம் இரைச்சலோடு போயிற்று. துண்டுத்துணியை முழுத்துணி என்று நம்பி, இத்தனை வருடம் மார்போடு அணைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"போயிடலாம் வா" என்றாள் நாத்தனாரிடம். "எனக்கு இந்தப் பாட்டே தெரியல. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு உள்ள உக்காருவேன்?"

"பாதியைக் கேட்டதுக்கே காலர் வச்ச பனியன். முழுசாக் கேட்டுட்டு என்ன தைக்கிறீங்கன்னு நானும் பாக்கணும். நடங்க அண்ணி."

வரிசை நகர்ந்தது. கால்கள் தாமாகவே உள்ளே போயின.

விளக்குகள் அணைந்தன. ஏதேதோ பாட்டுகள் வந்து போயின. தன் பாட்டு எப்படி இருக்குமோ என்ற பயத்தில் எதுவும் அவள் மனதில் ஒட்டவில்லை. பிறகு வாத்தியங்கள் எல்லாம் ஓய்ந்தன. இவ்வளவு பேர் கூடிய இடத்தில் இப்படி ஒரு அமைதி இருக்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. அந்த அமைதிக்குள்ளிருந்து, தூங்கும் குழந்தையின் பக்கத்தில் பேசுவதுபோல, குரல் வந்தது. வார்த்தைகளுக்கு நடுவே பாடகி மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. அவள் கேட்டிராத அந்த மழைப் பாட்டின் தொடக்கம் இதுதான். ஊசியை ஓட்டிக்கொண்டு அவள் குனிந்திருந்த அத்தனை பகல்களிலும், தலைக்கு மேலே இதுவும் ஒலித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தெரிந்த பாட்டு தெரியாத ஊர்போல விரிந்துகொண்டே போனது. வானத்தைக் கூப்பிடும் வரி இன்னும் வரவில்லை. வராமலே இருக்கட்டும் என்று இருந்தது.

நாத்தனார் காதருகே குனிந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். காலர்காரி மேடையிலிருந்து கண்ணை எடுக்காமலே, கையை நீட்டி அவள் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் நாத்தனாரின் மூச்சு சூடாக வந்து மோதியது. பிறகு அவளும் கேட்கத் தொடங்க, அந்த மூச்சும் மெல்லச் சீரானது.